ஹவுண்டா, வேட்டை நாயா?

இங்கிலாந்து நரி வேட்டை பத்தின ஒரு நீளமான கட்டுரைய போன மாசம் தமிழ்ல பண்ணிக் குடுத்தேன். முதல் பக்கத்துலயே மாட்டிக்கிட்டேன், ஹவுண்ட்ங்கிற வார்த்தைக்கு வேட்டை நாய்னு போடுறதா இல்ல அப்படியே விட்டுடறதான்னு. கடைசில அப்படியே விட்டுட்டேன், அதனால நான் சொல்றது கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

வேட்டை நாய்னு போட்டா படிச்ச உடனே புரியும், சிப்பிப்பாறை, கன்னின்னு நம்ம நாய் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். அது சரிதான்.

ஆனா இங்கிலீஷ்ல வேட்டைக்குப் போற நாய் எல்லாம் ஹவுண்ட் கிடையாதுங்க. மோப்பம் புடிச்சோ கண்ணால பாத்தோ இரையத் தானே துரத்திட்டு ஓடுறதுதான் ஹவுண்ட். ஃபாக்ஸ்ஹவுண்ட், பீகிள், ப்ளட்ஹவுண்ட் எல்லாம் மூக்க நம்பும், கிரேஹவுண்ட் கண்ணையும் காலையும் நம்பும். பாயிண்டர், ரிட்ரீவர் எல்லாம் துப்பாக்கிக்காரன் கூடப் போறது, பறவை எங்க இருக்குன்னு காட்டும், சுட்டு விழுந்தத கவ்விட்டு வரும், அதுக்குப் பேரு கன் டாக். வளைக்குள்ள பூந்து நரிய வெரட்டுறது டெரியர். நமக்கு எல்லாமே வேட்டை நாய்தான். "ஹவுண்ட்ஸ் வெளிய நின்னுச்சு, டெரியர உள்ள விட்டாங்க"ன்னு ஒரு வரி, அதுல வேட்டை நாய்னு போட்டதும் டெரியர் என்னமோ சோபாவுல படுத்திருந்த நாய் மாதிரி ஆயிடுச்சு. இந்த ஒரு வரிதான் என்ன முடிவு பண்ண வெச்சுது.

நரி வேட்டைக்காரங்க அதுங்கள டாக்னே சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு டாக்னா ஆண் ஹவுண்ட் மட்டும்தான். எண்ணுறதும் ஜோடிக் கணக்கு, "இருபதரை ஜோடி"ன்னு இருந்தத டைப்பிங் மிஸ்டேக்னு திருத்தப் போயிட்டேன், பாத்தா 41 ஹவுண்டாம்! வாலுக்குக் கூட டெயில் இல்ல, ஸ்டெர்ன்.

இத்தனைக்கும் பழைய இங்கிலீஷ்ல ஹுண்ட்னா எந்த நாயா இருந்தாலும் சரி, டாக் பின்னால வந்து அந்த எடத்தப் புடிச்சுக்கிச்சு. ஜெர்மன்ல இன்னைக்கும் ஹுண்ட்னா சும்மா நாய்தான்.

வினைச்சொல்லா வந்தா ரெண்டுமே உதவாது. ஒருத்தர ரிப்போர்ட்டருங்க ஹவுண்ட் பண்ணாங்கன்னா, விடாம பின்னாலயே அலைஞ்சு உசுர வாங்கினாங்கன்னு எழுதிட்டுப் போயிடணும்.

குழந்தைங்க கதைக்கு வேட்டை நாயே போதும்னு தோணுது, ஆனா அந்த மாதிரி நான் எதுவும் செஞ்சு பாத்ததில்ல. இதுல முதல் தடவ வர்ற எடத்துல மட்டும் "துரத்திப் புடிக்கிற வேட்டை நாய்"னு ஒரு விளக்கம் குடுத்துட்டு அப்புறம் ஹவுண்ட்னே ஓட்டிட்டேன். எடிட்டர் தலைப்புல மட்டும் வேட்டை நாய்னு மாத்திட்டாரு, அதுக்கு நானும் மல்லுக்கு நிக்கல.