எத்தனை கை மாறுகிறது? கதையை அனுப்பும் வழிகள், ஓர் ஒப்பீடு

என் கதை ஒன்றில் வரும் அப்பத்தா, "அங்கிட்டு ரெண்டு பேரு வந்தாய்ங்க" என்று சொல்வாள். அச்சில் பார்த்தால், "அங்கே இரண்டு பேர் வந்தார்கள்" என்றிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தாவை வானொலியில் செய்தி வாசிக்க உட்காரவைத்த மாதிரி இருந்தது எனக்கு. கோபமாக இதழாசிரியருக்குப் போன் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல், நான் அனுப்பிய கோப்பையே எனக்குத் திருப்பி அனுப்பினார். அதிலும் "வந்தார்கள்"தான். மதுரை மாசி வீதிப் பக்கம், கணினியில் தட்டச்சு செய்து தரும் ஒரு டிடிபி கடையில் அடிக்கக் கொடுத்திருந்தேன். முகூர்த்த மாதம். கல்யாணப் பத்திரிகைக்கும் காதணி விழாப் பத்திரிகைக்கும் நடுவே என் கதையை அடித்த தம்பி, அப்பத்தாவின் பேச்சைப் பிழையென்று நினைத்து, நல்ல மனசோடு திருத்திவிட்டார். நானும் படித்துப் பார்க்காமல் அங்கிருந்தே மெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டேன். தப்பு என் மேல்தான்.

அதிலிருந்து, படைப்பை எப்படி அனுப்பலாம் என்று யாராவது கேட்டால் நான் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்: என் மேசையிலிருந்து அச்சுக்குப் போவதற்குள் எத்தனை பேர் அதை மறுபடி தட்டச்சு செய்யப் போகிறார்கள்? செலவு, வேகம், அழகு எல்லாம் அப்புறம். சிம்மக்கல் நூலகத்தில் சந்திக்கும் நண்பர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கையெழுத்தா, டிடிபியா?

கையால் எழுதி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுவது, இடப்பக்கம் தாராளமாக மார்ஜின் விடுவது, ஒவ்வொரு தாளிலும் பக்க எண் போடுவது, சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை இணைப்பது என்று அதற்கொரு முறை உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று பலருக்குத் தெரியாது. அச்சுக் கோர்த்த காலத்தில் ஒரே கதையின் தாள்களைப் பிரித்து இரண்டு மூன்று கம்பாசிட்டர்களிடம் கொடுப்பார்கள். பின்பக்கமும் எழுதியிருந்தால் எப்படிப் பிரிப்பது? ஈய எழுத்து போய்விட்டது, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இப்போதும் அது வீண் இல்லை. ஸ்கேன் செய்யும்போது பின்பக்க மை முன்பக்கம் தெரியாது.

கையெழுத்தின் பலம், நீங்கள் எழுதிய ஒற்றும் வட்டாரச் சொல்லும் நீங்கள் எழுதியபடியே ஆசிரியர் கண்ணுக்குப் போவது. ஆனால் அவர் அதைத் தேர்ந்தெடுத்த பிறகு அங்கே யாரோ ஒருவர் அடித்தே ஆகவேண்டும். உங்கள் 'ண'வும் 'ன'வும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தால் போச்சு. கை மாறுவது தள்ளிப்போகிறதே தவிர, குறையவில்லை. தபால் வழியும் மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். பழைய ரிஜிஸ்டர் தபால் கணக்கில் காசு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் கூடவே எடுத்துப் போவது நல்லது. இதழே "கையெழுத்துப் பிரதி அனுப்பலாம்" என்று சொன்னாலொழிய நான் இந்த வழிக்குப் போகமாட்டேன். அப்படிப் போனாலும் ஜெராக்ஸ் எடுக்காமல் ஒரு தாளையும் உறைக்குள் போடக்கூடாது.

டிடிபி கடை பார்க்க வசதியானது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் வேலை முடிந்தது. சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. பல கடைகளில் இன்னும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. இவற்றில் கணினியைப் பொறுத்தவரை இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் கதை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழாகத் தெரியும். ஆசிரியர் அதைப் படிக்க முயல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே டிடிபிதான் என்று முடிவு செய்தால், எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றி வாங்குங்கள். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு நான்கு இடங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். கௌரவம் என்பது 'கெளரவம்' ஆகியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் அது ஔகாரம் இல்லை, 'கெ'வும் 'ள'வும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும். மேற்கோள் குறிகள் ஏதாவது ஓர் உயிர்மெய்யாக மாறி உட்கார்ந்திருக்கும். நடுவில் வந்த ஆங்கிலச் சொல் அர்த்தமில்லாத தமிழாகியிருக்கும். இது தவிர, 'வந்தாய்ங்க'வைத் தேடிப் பாருங்கள்.

கடைத் தம்பிகளைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க "தங்கள் நல்வரவை நாடும்" அடிக்கிற கை அது. கதை அடிக்கும் கை வேறு.

போனா, கணினியா?

இங்கேதான் நண்பர்களோடு சண்டை வரும். இளையவர்கள் எல்லோரும் போனில்தான் எழுதுகிறார்கள். கட்டைவிரலால் அடிப்பது ஒரு வகை, வாயால் சொல்லி எழுத வைப்பது இன்னொரு வகை. குரல் தட்டச்சு இன்று நன்றாகவே வேலை செய்கிறது, கட்டுரை எழுதுகிறவர்களுக்கு வரம். செய்தித் தமிழில் சொன்னால் செய்தித் தமிழில் எழுதும். மதுரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "அவிங்க போயிட்டாய்ங்கெ" என்று சொன்னால் என் போன் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று எழுதுகிறது, ஒரு தடவைகூட நான் சொன்னதை எழுதியதில்லை. ஒற்று பாதி விழாது. ல, ழ, ள குழம்பும், அதற்குப் போனை மட்டும் பழி சொல்ல முடியாது, நம் வாய்க்கும் பங்கு உண்டு. அரை வரியில் நிறுத்தி மூச்சு விட்டால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். முதல் வரைவுக்குச் சரி. பஸ்ஸில் போகும்போது தோன்றியதைப் பிடித்து வைக்கச் சரி. அனுப்பும் பிரதிக்குப் போதாது. யாரோ ஒருவர் திருத்துவது போய், இயந்திரம் திருத்துகிறது, அவ்வளவுதான்.

கணினியில் தானே அடிப்பதுதான் என் கட்சி. அதிலும் தமிழ்99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த அமைப்பு இது. இப்போதைய விண்டோஸில் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. 'க' இரண்டு தடவை தட்டினால் முதல் க தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும். 'ந'வுக்குப் பின் 'த' தட்டினால் 'ந்த'. 'மதுரை' என்று எழுத ஐந்து தட்டு: ம, த, உ, ர, ஐ. ஆங்கில எழுத்தில் ஒலி பார்த்து அடித்தால் எட்டுத் தட்டு. சேமிப்பு பெரிதில்லை என்று தோன்றும், ஒரு நாவல் முழுக்க அடிக்கும்போது விரலுக்குத் தெரியும். பழகப் பதினைந்து நாள் பிடித்தது எனக்கு, முதல் வாரம் கை கடுப்பாகத்தான் இருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள் பழைய தட்டச்சு அமைப்பிலேயே இருக்கலாம், யுனிகோடிலும் அது கிடைக்கிறது. எந்தப் பலகை என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். யுனிகோட் என்பதில் பிடிப்பேன். 2010லேயே தமிழக அரசு யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் பழைய எழுத்துருவில் அனுப்பக் காரணம் எதுவும் இல்லை.

ஒரு காரணத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சில பதிப்பகங்களில் பக்க வடிவமைப்பு இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் நடக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதற்கு யுனிகோட் தமிழ் தெரியாது. நீங்கள் யுனிகோடில் கொடுத்தாலும் அங்கே பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஏற்றுவார்கள், அப்போது மறுபடி ஒரு சுற்றுப் பிழை விழும். அதனால்தான் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி, கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன். இன்டிசைன் என்ற புதிய மென்பொருளுக்கு மாறிய இடங்களில் இந்தத் தொல்லை குறைவு.

ஒற்றுப்பிழைக்கு நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி', எழுத்துப்பிழைக்கு அவருடைய 'வாணி' இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம், கதைசொல்லியின் நடைக்கு மட்டும். உரையாடலில் அவை காட்டும் திருத்தங்களை நான் ஏற்பதில்லை.

வேர்டா, பிடிஎஃப்பா?

இதில் பெரிய விவாதம் இல்லை, இரண்டும்தான். வேர்டு வேலைக்கு, பிடிஎஃப் சாட்சிக்கு. ஆசிரியர் திருத்தவும் பக்கம் கட்டவும் வேர்டு வேண்டும். வழியில் எழுத்து உடைந்தால் மூலம் எப்படி இருந்தது என்று ஒப்பிட பிடிஎஃப் வேண்டும். பிடிஎஃப்பை மட்டும் அனுப்பினால், அதிலிருந்து தமிழை வெட்டி ஒட்டும்போது கொம்பும் காலும் சிதறிப் போகும், அப்புறம் யாராவது உட்கார்ந்து முதலிலிருந்து அடிப்பார்கள். கவிதைக்குப் பிடிஎஃப் கட்டாயம். நீளமான தமிழ்ச் சொல் திரையின் அகலத்தில் மடங்கி அடுத்த வரிக்குப் போய்விட்டால், கவிஞர் உடைத்த வரி எது, திரை உடைத்த வரி எது என்று யாருக்குத் தெரியும்? கையெழுத்துத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

பக்க அமைப்பு எளிமையாக இருக்கட்டும். ஏ4, நான்கு பக்கமும் ஓர் அங்குல மார்ஜின், 12 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை. நிர்மலா அல்லது நோட்டோ செரிஃப் தமிழ் போதும். லதா அகலமான எழுத்து, பக்கம் வீங்கிக் காட்டும். பத்தி தொடங்க ஸ்பேஸ் பாரை ஐந்து தடவை தட்டாதீர்கள், வடிவமைப்பவர் அத்தனையையும் அழிக்க வேண்டியிருக்கும். கோப்புக்குப் பெயர் "கதை புதுசு ஃபைனல் 2" என்று இருக்கக்கூடாது. உங்கள் பெயர், தலைப்பு, அது போதும்.

தமிழ் ஆசிரியருக்கும் ஆங்கில ஏஜென்டுக்கும்

தமிழில் எழுத்தாளர் நேரே பதிப்பாளரிடம்தான் போகிறார். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஸ்டாலுக்கு முன்னால் நின்று பேசிவிட்டு, அப்புறம் கோப்பை அனுப்புவது நம் ஊர் முறை. மொழிபெயர்ப்பாகவோ நேரடியாகவோ ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் மட்டும், எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசி விற்றுத் தரும் ஏஜென்டைச் சந்திக்கிறார்கள். அங்கே விதிகள் வேறு. 12 புள்ளி டைம்ஸ் நியூ ரோமன், இரட்டை வரி இடைவெளி, ஒவ்வொரு பக்கத் தலையிலும் பெயர், தலைப்பு, எண். முழு நாவலை முதலில் கேட்கமாட்டார்கள். ஒரு பக்கக் கடிதம், கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் அல்லது ஐம்பது பக்கம் என்பது பொதுவான கணக்கு. கதைச் சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். பின்னட்டை மாதிரி மர்மம் வைத்து எழுதி அனுப்பி ஏமாந்தவர்கள் நம் நண்பர்களிலேயே உண்டு.

இன்னொரு வித்தியாசம் பெரியது. ஆங்கில ஏஜென்டுகள் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம், சொல்லிவிட்டு அனுப்பினால் யாரும் கோபிக்கமாட்டார்கள். தமிழ் இதழ்களுக்கு அப்படிச் செய்தால் பெயர் கெட்டுவிடும். "சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறு இதழின் பரிசீலனையில் இல்லை" என்ற ஒரு வரியை இங்கே எதிர்பார்ப்பார்கள். பேஸ்புக்கில் போட்டதையும் வெளியானதாகவே பல ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அளவைக் கணக்கிடுவதிலும் இரண்டும் ஒன்றல்ல. அவர்களுக்குச் சொல் எண்ணிக்கை. நமக்குப் பக்கம், அதுவும் ஃபாரம். ஃபாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்களின் தொகுதி. ஒரு ஃபாரம் 16 பக்கம். உங்கள் நாவல் 160 பக்கத்தில் முடிந்தால் பத்து ஃபாரம். 161ஆம் பக்கத்தில் நாலு வரி நின்றால் பதினோராவது ஃபாரம் திறக்க வேண்டும். "ரெண்டு பக்கம் குறைங்களேன்" என்று பதிப்பாளர் கேட்பது இதனாலும் இருக்கலாம், உங்கள் கதை பிடிக்காமல் அல்ல. தமிழ்ச் சொல் எண்ணிக்கையை ஏஜென்டிடம் சொல்லாதீர்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அது அரை வரி. மொழிபெயர்த்த பிரதியை எண்ணிச் சொல்லுங்கள்.

காசு விஷயம்: விற்றுக் கொடுத்தால் ஏஜென்டுக்கு உள்நாட்டில் பொதுவாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20. படித்துப் பார்க்கவே பணம் கேட்டால் அவர் ஏஜென்ட் இல்லை.

இவ்வளவும் ஒப்பிட்டுவிட்டு நான் செய்வது இதுதான். தமிழ்99இல் நானே அடிக்கிறேன், வேர்டும் பிடிஎஃப்பும் இணைக்கிறேன், முதல் பக்கத்தின் தலையில் ஒரு குறிப்பு வைக்கிறேன்: "உரையாடல்கள் மதுரை வட்டார வழக்கில் உள்ளன. எழுத்துப்பிழை அல்ல." போன கதைக்கு ஒரு துணையாசிரியர் போன் செய்தார்.

"சார், மூணாம் பக்கத்துல 'வெஞ்சனம்'னு ஒண்ணு வருதே, அப்படின்னா என்ன?"

"சோத்துக்குத் தொட்டுக்கிறது தம்பி."

"அப்படியே விட்டுடவா?"

"விட்டுருங்க."