எல்சா பயிற்சி: ஆறு நாள் வகுப்பும் அதற்குப் பின்னரான இரண்டு ஆண்டுகளும்

இங்கிலாந்துப் பாடசாலைகளில் வகுப்பு உதவியாளராக வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் மூவர் இவ்வாண்டு ஒரே கேள்வியைக் கேட்டனர்: பிள்ளைகளின் உணர்வுகளுக்கு ஆதரவளிக்கக் கற்றுத்தரும் ‘எல்சா’ பயிற்சிக்குத் தலைமை ஆசிரியை போகச் சொல்கிறார், போகலாமா, பயன் உண்டா? லண்டனின் வெளிப்புறப் பகுதியொன்றில் ஆரம்பப் பாடசாலையில் வேலை செய்துகொண்டே இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அப்பயிற்சியை முடித்தவள் என்பதால், தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதைச் சற்று ஒழுங்காக இங்கே எழுதுகிறேன். சுருக்கமான விடை வேண்டுவோருக்கு: போகலாம், ஆனால் ஆறு நாள் வகுப்புக்காகப் போக வேண்டாம், அதற்குப் பிறகு அரைத்தவணைக்கு ஒருமுறை நடக்கும் மேற்பார்வைக் கூட்டத்துக்காகப் போங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்களை அனுப்பப் பாடசாலை உடன்படவில்லையெனில் போகாமல் இருப்பதே நல்லது.

எல்சா (ELSA) என்பது Emotional Literacy Support Assistant என்பதன் சுருக்கம்; ‘உணர்வறிவு ஆதரவு உதவியாளர்’ என்று தமிழில் சொல்லலாம். பாடசாலைகளில் முழுப்பெயரை எவரும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு அது ஒரு திரைப்பட இளவரசியின் பெயர் என்பதால் முதல் நாளிலேயே சிரிப்பு வந்துவிடும், அதுவும் ஒரு வகையில் நன்மைதான். கல்வி உளவியலாளரான ஷீலா பர்ட்டன் 2000களின் தொடக்கத்தில் சவுத்தாம்ப்டனிலும் பின்னர் ஹாம்ப்ஷயர் மாவட்டத்திலும் உருவாக்கிய திட்டம் இது. ஒரு பகுதிக்குள் இருக்கும் பல பாடசாலைகளுக்குச் சில கல்வி உளவியலாளர்களே இருக்கின்றனர். அவர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் நேரில் சந்திப்பது இயலாத காரியம். ஆகவே, பிள்ளைகளுடன் நாள் முழுவதும் இருக்கும் வகுப்பு உதவியாளருக்கே பயிற்சி அளித்து, அவர் செய்யும் வேலையைத் தொடர்ந்து மேற்பார்வை செய்வது என்பதே இதன் அடிப்படை எண்ணம். பயிற்சி பெற்றவர் உளவளத்துணையாளர் ஆகிவிடுவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி முதல் முக்கால் மணி நேரம், ஒரு குறிப்பிட்ட திறனை முன்வைத்து ஒரு பிள்ளையுடனோ சிறு குழுவுடனோ இருப்பவர், அவ்வளவுதான்.

ஆறு நாள்களும் அடுத்தடுத்து வருவதில்லை; எங்களுக்கு ஏறத்தாழ ஒரு தவணைக்கும் மேலாகப் பிரித்து வைத்தார்கள். இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுவேன். திங்கட்கிழமை படித்ததைப் புதன்கிழமை பாடசாலையில் செய்துபார்த்து, சரிவராமல் போனதை அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோய்க் கேட்க முடிந்தது. உணர்வுகளை அறிதல், தன்மதிப்பு, நட்பும் சமூகத் திறன்களும், கோபத்தைக் கையாளுதல், இழப்பும் துயரமும், பொம்மைகளையும் கதைகளையும் பயன்படுத்தல் என்று பாடங்கள் நீளும். எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

மிகச் சிறந்தது செவிமடுத்தலுக்கான பயிற்சிதான். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் தமக்கு நேர்ந்த சிறு மனக்கசப்பை மூன்று நிமிடம் சொல்ல, மற்றவர் அறிவுரையோ ஆறுதலோ கூறாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அழும் பிள்ளையைக் கண்டவுடன் ‘ஒன்றுமில்லை, அழக் கூடாது, கண்ணைத் துடை’ என்று சொல்லி வளர்ந்த, அவ்வாறே சொல்லி இரண்டு பிள்ளைகளை வளர்த்தும் விட்ட எனக்கு, அந்தச் சொற்கள் ஆறுதலைவிடக் கேட்பவரின் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளவே பெரும்பாலும் பயன்படுகின்றன என்பது நாற்பத்தாறு வயதில் விளங்கியது. இதைக் கற்பித்தவர் விரிவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. நான் குறுக்கே பேசிய ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு கோடு போட்டார். முடிவில் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதினொரு கோடுகள்.

கோபத்தைப் பற்றிய வகுப்பில், அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நொவாக்கோவின் கருத்துகளிலிருந்து எடுத்தாளப்பட்ட, கோபத்தை வாணவெடிக்கு ஒப்பிடும் மாதிரியைக் காட்டினார்கள். தூண்டும் நிகழ்ச்சி தீக்குச்சி. அதைப் பற்றி மனத்தில் ஓடும் எண்ணம் திரி. படபடக்கும் நெஞ்சும் இறுகும் முட்டியும் கொண்ட உடல் வெடிமருந்துக்குழல். தீக்குச்சிகளை உலகத்திலிருந்து அகற்ற இயலாது, திரியை நீளமாக்கலாம் என்பதே சாரம். தீபாவளிக்கு வெடி கொளுத்திய பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தன் திரி எவ்வளவு நீளம் என்று நூலை வெட்டிக் காட்டினான்; விரல் நகத்தளவு இருந்தது. எட்டு வாரங்களின் முடிவில் அதே சிறுவன் பென்சில் நீளத்துக்கு வெட்டினான். அது அவனே போட்டுக்கொண்ட மதிப்பெண். மைதானத்தில் சண்டை முற்றாக நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

உணர்வுச் சொற்களைப் பெருக்கும் பகுதியில் எனக்கு ஒரு குறை உண்டு. தரப்படும் அட்டைகள் யாவும் ஆங்கிலத்தில், ஆங்கில வாழ்க்கையை முன்வைத்து எழுதப்பட்டவை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பாடசாலையில் எதற்கெடுத்தாலும் கோபம் என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லையே சொல்லும். அதே பிள்ளையிடம் தமிழில் கேட்டால் ‘அந்தரமாக இருந்தது’ என்று வரும். அந்தரம் என்பது கோபம் அன்று, பயமும் அன்று, நிலைகொள்ளாமல் தவிப்பது. வெளியே சொல்ல இயலாமல் உள்ளே புழுங்கும் துயரத்துக்கு எங்கள் ஊரில் வெப்பிசாரம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு ஈடான அட்டை அந்தப் பெட்டியில் இல்லை. நானே வெற்று அட்டைகளில் எழுதிச் சேர்த்துக்கொண்டேன். வீட்டு மொழியைப் பயன்படுத்துவதைப் பயிற்சியில் யாரும் தடுக்கவில்லை, ஆனால் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. பல மொழிகள் பேசப்படும் ஒரு நகரத்தில் நடத்தப்படும் வகுப்புக்கு இது சிறு விடுபாடு அன்று.

இழப்பைப் பற்றிய நாளும் அப்படித்தான். துயருறுவோர் கடக்க வேண்டிய நான்கு பணிகள் என அமெரிக்க உளவியலாளர் வில்லியம் வோர்டன் வகுத்தவற்றை நன்றாக விளக்கினர். சிறு பிள்ளையிடம் ‘தூங்கிவிட்டார்’, ‘போய்விட்டார்’ என்று சொல்லாமல் ‘இறந்துவிட்டார்’ என்றே சொல்ல வேண்டும், இல்லையேல் பிள்ளை அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கும் அல்லது தான் உறங்கப் பயப்படும் என்பதை வலியுறுத்தினர். காலமானார், மோசம் போய்விட்டார், சாமியிடம் போய்விட்டார் என்று பத்து விதமாகச் சுற்றிவளைத்துச் சொல்லும் நமக்கு இது கைப்பான மருந்து. ஆனால் தேவையான மருந்து. ஆனால் அந்நாள் முழுவதும் சாவு என்றால் ஓர் இறுதிச் சடங்கு, ஓர் அட்டை, சில பூக்கள் என்றே பேசப்பட்டது. எட்டுச்செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் ஆகிய சடங்குகள் உள்ள வீட்டுப் பிள்ளை ஏன் ஒரு மாதம் கழித்து மீண்டும் விடுப்பு எடுக்கிறது, யாழ்ப்பாணத்தில் நடக்கும் அம்மம்மாவின் செத்தவீட்டைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டு மறுநாள் கணக்குப் பாடத்துக்கு வந்து உட்காரும் பிள்ளையை எப்படி அணுகுவது என்பது பாடத்தில் இல்லை. கேட்டேன்; பயிற்சியாளர் அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் என்னையே பேசச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை மதிக்கிறேன். பத்து நிமிடம் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மிக நலிந்தது சமூகக் கதைகள் பற்றிய பகுதி. மிச்சிகனைச் சேர்ந்த கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை அது; ஒரு சூழலில் என்ன நடக்கிறது, மற்றவர் என்ன நினைக்கக்கூடும் என்பதை விவரிக்கும் வாக்கியங்களே அதில் மிகுந்திருக்க வேண்டும், ‘இப்படிச் செய்’ என்பவை மிகக் குறைவாக இருக்க வேண்டும். இதை ஒரு பிற்பகலுக்குள் அள்ளித் தெளித்துவிட்டுப் போனார்கள். விளைவாக, சாப்பாட்டு வரிசையில் நிற்பது பற்றி நான் எழுதிய முதல் கதை, கதையின் உடையில் வந்த கட்டளைப் பட்டியலாக இருந்தது. பொம்மைகள் பற்றிய பகுதியும் அதே அவசரத்தில் கழிந்தது. கையில் தந்த கோப்பு மட்டும் செங்கல் கனம். பாதிப் பக்கங்களை நான் இன்னும் புரட்டவில்லை.

இனி மேற்பார்வைக் கூட்டம். அரைத்தவணைக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம், வெவ்வேறு பாடசாலைகளிலிருந்து எட்டுப் பேருக்கு மிகாத குழு, எதிரே ஒரு கல்வி உளவியலாளர். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் தாம் செய்துவரும் வேலையில் சிக்கிக்கொண்ட இடத்தை ஒவ்வொருவரும் முன்வைப்பார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். தீர்ப்புச் சொல்லக் கூடாது. தொடக்கத்தில் தேநீருடன் ஒரு புலம்பல் மண்டபம் என்றே இதை நினைத்தேன். இரண்டாவது கூட்டத்தில் அந்த எண்ணம் மாறியது. இத்தகைய ஆதரவு வழக்கமாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் முடிய வேண்டியது; நான் ஒரு சிறுமியுடன் பதினாறு வாரங்களையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அவள் இன்னும் தயாராகவில்லை என்று விளக்கினேன். உளவியலாளர் முழுவதையும் கேட்டுவிட்டு, “நீங்கள் யாருக்காகத் தொடர்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அந்தச் சிறுமி தன் வகுப்புத் தோழிகளிடம் பேசத் தொடங்கிவிட்டிருந்தாள். வியாழக்கிழமைகளில் அவள் வரவை எதிர்பார்த்திருந்தது நான்தான். அடுத்த இரண்டு வாரங்களில், அவளுக்கே தெரியும்படி நாள் குறித்து, முறையாக முடித்தேன். ஆறு நாள் வகுப்பில் ‘முடிவைத் திட்டமிடுங்கள்’ என்ற வரி இருந்தது. நான் அதன் கீழே கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

எது எங்கள் வேலை இல்லை என்பதையும் அந்தக் கூட்டமே திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது. பிள்ளையிடம் ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அடி, புறக்கணிப்பு, தகாத தொடுகை போன்றவற்றின் சாயல் தெரிந்தால் அன்றே பாடசாலையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு வாராந்தர அரை மணி நேரம் மருந்தாகாது. தேசியச் சுகாதாரச் சேவையின் சிறுவர் உளநலப் பிரிவில் காத்திருப்பு நீளமானது என்பதால், அந்த வெற்றிடத்தில் எல்சாவை நிறுத்திவைக்கும் ஆசை பாடசாலைகளுக்கு இயல்பாகவே எழுகிறது. ‘அதுவரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வாக்கியத்தை எங்கள் குழுவில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோம்.

பயன் உண்டா என்பதை எப்படி அளப்பது? உளமருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் அளக்கும் 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாளைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஆசிரியரிடம் நிரப்பச் சொல்கிறோம். எல்சா பற்றி வெளிவந்த ஆய்வுகளில் பல சிறிய அளவிலானவை. ஆசிரியர் காணும் முன்னேற்றம் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதில் அதே அளவு தெரிவதில்லை. எனவே அற்புதம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். என் அனுபவத்திலும், காலையில் பாடசாலைக்குள் வர மறுத்த பிள்ளைகளிடம் தெளிவான மாற்றம் கண்டேன். சண்டைக்காரப் பிள்ளைகளிடம் அரைகுறையாகவே.

பெரிய மனக்குறை பயிற்சியைப் பற்றியது அன்று, அதை வாங்கும் பாடசாலையைப் பற்றியது. முதல் நாளின் ஒரு பகுதிக்கு என் மேலாளரும் வர வேண்டும் என்று அழைப்பிதழில் இருந்தது, யாரும் வரவில்லை. ஒதுக்கப்பட்ட அறை நாடக உடுப்புகளும் உடைந்த இசைக்கருவிகளும் வைக்கும் களஞ்சியம். நடுவில் யாராவது கதவைத் திறந்து ஒரு கிரீடத்தை எடுத்துப்போவார்கள். ஆசிரியர் எவரேனும் சுகயீன விடுப்பில் போனால் முதலில் வெட்டப்படுவது என் நேரம்தான். அந்த வாரம் முழுவதும் காத்திருந்த பிள்ளை வகுப்பு வாசலில் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆயத்தம் செய்ய நேரம் இல்லை, சம்பளத்தில் ஒரு பென்சும் கூடவில்லை. முதல் ஆண்டின் முடிவில், வாரத்துக்கு ஒரு முழுப் பிற்பகல் யாராலும் தொடப்படாது என்று எழுத்தில் பெற்ற பிறகே வேலை வேலையாக நடந்தது.

முழுப் பாடசாலைக்குமான நலன் என்று பார்த்தால் ஒருவருக்கு மட்டும் பயிற்சி அளிப்பது போதாது. பாடசாலைக்கு ஒரு மூத்த உளநலப் பொறுப்பாளர் வேண்டும் என்று 2017 டிசம்பரில் அரசு முன்மொழிந்து, 2021 முதல் 2024 முடிவு வரை அதற்கான பயிற்சிக்கென 1,200 பவுண் மானியமும் கொடுத்தது. எங்கள் பாடசாலையிலும் ஓர் ஆசிரியர் அதைப் பெற்றார். அவரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச ஓர் ஆண்டு ஆயிற்று. பெற்றோரை அணுகுவது பற்றியும் எல்சா வகுப்பில் மிகக் கொஞ்சமே சொல்லப்பட்டது. சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய், “அக்கா, என்ர பிள்ளைக்கு விசர் எண்டோ எழுதப் போறியள்?” என்று கேட்டபோது, அந்தக் கனத்த கோப்பில் அதற்கு விடை இல்லை. இது வாசிப்புக்கு மேலதிக உதவி கொடுப்பது போலத்தான், எழுத்துக்குப் பதிலாக உணர்ச்சி, வைத்தியரின் பதிவேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். மூன்றாம் நாள் கையொப்பமிட்டுக் கொண்டுவந்து தந்தார்.

உங்கள் பகுதியில் இப்பயிற்சியைப் பெரும்பாலும் உள்ளூராட்சியின் கல்வி உளவியல் சேவையே நடத்தும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். சம்மதம் சொல்லும் முன் தலைமை ஆசிரியையிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: வாரத்தில் எந்தப் பிற்பகல், எந்த அறை, மேற்பார்வைக் கூட்ட நாள்களில் வகுப்பில் உங்களுக்குப் பதில் யார். என்னிடம் கேட்ட மூவரில் ஒருவருக்கு மூன்றுக்கும் பதில் கிடைத்தது. அவர் செப்டம்பரில் தொடங்குகிறார். மற்ற இருவரும் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.