டைல்ஸும் கட்டிலும் ஒரே கண்டெய்னரில்: ஓர் இடமாற்றச் சேவையின் மதிப்பீடு

நாடு மாறிக் குடியேறியபோது, பல ஆண்டுகள் புழங்கிய வீட்டுச் சாமான்களையும், புதிதாகக் கட்டும் வீட்டுக்கென வாங்கிய டைல்ஸ், மரக்கதவுகள், வாஷ்பேசின்கள், தண்ணீரைத் திறந்து மூடும் குழாய்கள் ஆகியவற்றையும் ஒரே 20 அடி கண்டெய்னரில் கப்பல் வழியே அனுப்பினேன். அந்தப் பொறுப்பை ஏற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பொருள்களைக் கட்டியதிலும் ஏற்றியதிலும் அவர்களுக்கு முழு மதிப்பெண் தருவேன். சுங்கத்துறைக்குக் காட்ட வேண்டிய சாமான் பட்டியலை எழுதியதில் பாதிகூடத் தர மனம் வரவில்லை. எல்லையில் சரக்கை நிறுத்துவதும் விடுவிப்பதும் அந்தப் பட்டியல்தான் என்பதால், இந்தக் குறையைச் சிறியது என்று ஒதுக்கவும் முடியவில்லை.

நிறைகளை முதலில் சொல்கிறேன். வீட்டைப் பார்வையிட வந்த மேற்பார்வையாளர், டைல்ஸைப் பிறர் சரக்கோடு சேர்த்துத் தனியாக அனுப்பினால் செலவு குறையும் என்று நான் போட்டிருந்த கணக்கை அங்கேயே திருத்தினார். அப்படி அனுப்பும் சரக்குக்கு ஒரு கன மீட்டர் அல்லது ஆயிரம் கிலோ, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம் போடுவார்கள். தரைக்கு இடும் டைல்ஸ் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. என்னிடம் இருந்த 60 சதுர மீட்டர், அடுக்கினால் ஒரு கன மீட்டரைக்கூட நிரப்பாது, ஆனால் 1,200 கிலோவைத் தொடும். வீட்டுச் சாமான்களோ இதற்கு நேர்மாறானவை. 20 அடி கண்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அது முழுக்கக் கட்டிலும் மெத்தையும் அலமாரியும் அடைத்தாலும் எடை பெரும்பாலும் 4 டன் அளவிலேயே நின்றுவிடும். அதே கண்டெய்னரில் டைல்ஸை மட்டும் ஏற்றினால், பாதி நிரம்புவதற்குள்ளாகவே ஏறத்தாழ 28 டன் என்ற எடை வரம்பு வந்துவிடும். கனமும் பருமனும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தால் இரண்டும் வீணாகாது என்று அவர் விளக்கியது எனக்குப் பெரும் செலவை மிச்சப்படுத்தியது.

ஏற்றிய நாளன்று நான் கூடவே நின்றேன். டைல்ஸ் பெட்டிகளைப் படுக்க வைக்காமல், டைல்ஸ் விளிம்பில் நிற்கும்படி இரண்டு மரப்பாலெட்டுகளில், அதாவது சரக்கைத் தாங்கும் மரத்தட்டுகளில், அடுக்கி, எடை ஒரே முனையில் இறங்காதபடி கண்டெய்னரின் நடுப்பகுதியில் வைத்தார்கள். அதற்கு முன்பாக மூத்த தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு பாலெட்டையும் புரட்டி, கட்டைகளின் பக்கவாட்டைக் கையால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அவர் தேடியது கோதுமைக் கதிர் முத்திரை. கதிருக்குப் பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடும், தயாரித்தவரின் எண்ணும், சூடேற்றிப் பதப்படுத்தியதைக் காட்டும் எச்.டி. என்ற எழுத்துகளும் இருந்தன. ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதியின்படி, சரக்கைத் தாங்கும் பச்சை மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் எட்டியிருக்க வேண்டும். மரத்துக்குள் இருக்கும் பூச்சிகள் எல்லை தாண்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. முத்திரை இல்லாத ஒரு பாலெட்டை அவர் ஒதுக்கி வைத்துவிட்டு, மாற்றுப் பாலெட் வரும் வரை வேலையை நிறுத்தினார். ஒரு மணி நேரம் போனது. இறங்கும் துறைமுகத்தில் அதைக் கண்டுபிடித்திருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பவோ, என் செலவில் புகையூட்டவோ, பாலெட்டை அழிக்கவோ உத்தரவிட்டிருக்கக்கூடும்.

வார்னிஷையும், அதைக் கரைக்கும் தின்னரையும் ஏற்ற மறுத்ததும் சரியே. அவை தீப்பற்றும் திரவங்கள், ஆபத்தான சரக்காகத் தனியே அறிவிக்க வேண்டியவை. கடற்பயணத்தில் கண்டெய்னரின் கூரையில் வியர்த்துச் சொட்டும் நீரிலிருந்து மெத்தைகளைக் காக்க ஈரம் உறிஞ்சும் பைகளையும் தொங்கவிட்டார்கள்.

இத்தனை கவனத்தோடு கட்டிய சரக்குக்கு அலுவலகத்தில் இருந்தவர்கள் தயாரித்த பட்டியலைப் பார்த்தபோதுதான் மனம் சோர்ந்தது. புழங்கியவை, புதியவை என்ற பாகுபாடே இல்லாமல் 143 பெட்டிகளையும் ‘வீட்டுச் சாமான்கள்’ என்று ஒரே தலைப்பின்கீழ் எழுதியிருந்தார்கள். குடிபெயர்வோருக்குப் பல நாடுகள் வரிவிலக்குத் தருவது புழங்கிய பொருள்களுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் புழங்கிய பொருளாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பெட்டி பிரிக்காத டைல்ஸுக்கு அந்தச் சலுகையைக் கேட்பதற்கு இடமில்லை. அதற்கு இன்வாய்ஸ் காட்டி வரி செலுத்த வேண்டும். வரி செலுத்த நான் தயாராகவே இருந்தேன். ஆனால் ஸ்கேனில் கனமான இரண்டு அடுக்குகள் தெரிந்ததும், மறைத்துக் கொண்டுவந்தது போன்ற தோற்றம் ஏற்பட்டுவிட்டது. முழுக் கண்டெய்னரையும் இறக்கிச் சோதிக்க உத்தரவாயிற்று. கதவுகளும் வாஷ்பேசின்களும் உள்சுவரை ஒட்டி இருந்ததால், அவற்றை எட்டுவதற்கு எங்கள் வீட்டின் ஒவ்வொரு பெட்டியையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு வீட்டுக்கு வந்த பெட்டிகளில், பழைய பழுப்பு நாடாவின்மேல் சுங்கத்துறையின் நாடா குறுக்கே ஒட்டியிருந்ததைப் பார்க்கையில் எனக்கு வேதனையாக இருந்தது.

சரக்குகளை எண்களால் வகைப்படுத்தும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். குறியீடு 1988 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் அதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை: செராமிக் டைல்ஸ் 6907, செராமிக் வாஷ்பேசின் 6910, மரக்கதவும் நிலையும் 4418, குழாய்கள் 8481 எனத் தொடங்கும். புதிய பொருள்களுக்கு இந்த எண்களோடும் இன்வாய்ஸோடும் ஒரு பட்டியல், புழங்கியவற்றுக்கு மற்றொரு பட்டியல், புதியவை கதவோரத்தில் என்று செய்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். ஆறு நாள் பிடித்தது. துறைமுகத்தில் கண்டெய்னர் கூடுதலாகக் கிடந்ததற்கான டெமரேஜ், ஆள்கூலி, மறுபடி ஏற்றிய கூலி எல்லாம் என் தலையில் விழுந்தன. ‘வீட்டு வாசல் வரை’ என்று விலைப்புள்ளியில் எழுதியிருந்தபோதும், இறங்கும் துறைமுகத்தின் கட்டணங்கள் அதில் அடங்கா என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்பு வாய்விட்டுச் சொல்வது அவர்களின் கடமை என்றே கருதுகிறேன்.

காப்பீட்டில் மட்டும் அலுவலகமும் நன்றாக நடந்துகொண்டது. ‘சி’ வகைக் காப்பீடு மலிவு. கப்பல் மூழ்குதல், தீ, மோதல் போன்ற பெரும் விபத்துகளுக்கு உதவும், கையாளுகையில் பொருள் உடைந்தால் உதவாது என்று விளக்கி, ‘ஏ’ வகையை எடுக்கச் சொன்னார்கள். சோதனையின்போது உடைந்த 14 டைல்ஸுக்கு அதன் வழியே இழப்பீடு கிடைத்தது. ஆனால் பணம் கிடைத்தாலும் அதே டைல்ஸ் கிடைக்காது. ஒரே வடிவமாக இருந்தாலும் சூளையில் ஒவ்வொரு முறை சுடும்போதும் நிறம் சற்று மாறும் என்பதால்தான் பெட்டியின்மேல் நிற எண் அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கும்போதே பத்துக்கு ஒன்று கூடுதலாக, அதே நிற எண்ணில் வாங்கச் சொன்னவர் அந்த மேற்பார்வையாளர்தான். கூடத்துத் தரையை அந்தக் கூடுதல் பெட்டிகளைக் கொண்டு முடித்தோம். மீந்த இரண்டு பெட்டிகள் மாடிப்படியின்கீழ் இருக்கின்றன.