நகைக்கடை வீதி லென்ஸும் கடல்நீர்த் தொட்டிப் புழுக்களும்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில், நகைக்கடைகளுக்கு நடுவே பட்டறைச் சாமான் விற்கிற சின்னக் கடைகள் உண்டு. குறடு, தராசு, உரைகல், கூடவே பத்தர்கள் நகையை உற்றுப் பார்க்கும் மடக்கு லென்ஸ். இங்கே நான் எழுதப்போவது அந்த லென்ஸைப் பற்றி. எனக்கு நகையில் பார்க்க ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டியில் அவ்வப்போது தலைகாட்டும் புழுக்கள் என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ள வாங்கினேன்.

"என்னம்மா, கல்லு பாக்கவா, ஹால்மார்க் பாக்கவா?" என்றார் கடைக்காரர்.

"புழு பாக்கணும் அண்ணே."

"அரிசியிலயா?"

விளக்கினேன். பாதி புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார்.

மலிவானது 180 ரூபாய். அதன் உடம்பில் "30 மடங்கு, 21 மி.மீ." என்று பொறித்திருக்கிறது. 21 என்பது லென்ஸின் விட்டம், அது சரி. 30 என்பது சுத்தப் பொய். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவள், சும்மா விடுவேனா? எதிர்வீட்டு மொட்டைமாடியின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, லென்ஸிலிருந்து தாள் வரை அளந்தேன். ஏறக்குறைய 25 மி.மீ. வந்தது, அதுதான் குவியத் தொலைவு. கண் சிரமமில்லாமல் பார்க்கும் தூரமான 250 மி.மீ.-ஐ அதால் வகுத்தால் 10. ஆக, இது பத்து மடங்கு லென்ஸ்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய் நமக்கு நல்லது. நிஜமாகவே 30 மடங்கு என்றால் குவியத் தொலைவு 8 மி.மீ. சொச்சம்தான் இருக்கும். என் தொட்டிக் கண்ணாடியே 8 மி.மீ. தடிமன். உள்பக்கம் ஒட்டியிருப்பதைத் தாண்டி எதுவும் தெரியாது. பத்து மடங்கு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே சுமார் 2 சென்டிமீட்டர் வரை துல்லியமாகத் தெரிகிறது.

இன்னொன்று 750 ரூபாய். மூன்று லென்ஸ்களைச் சேர்த்து ஒட்டியது. என் மோதிரத்தின் ஹால்மார்க் எழுத்துகளை இரண்டிலும் பார்த்தேன். விலை கூடியதில் ஓரம் வரை நேராக இருந்தது. மலிவானதில் ஓரத்து எழுத்துகள் வளைந்து, நீலமும் மஞ்சளுமாக விளிம்பு கட்டியது. வைரம் வாங்குகிறவர்களுக்கு அது முக்கியம். புழுவுக்கு நடுப்பகுதி போதும் என்று 180 ரூபாயோடு நிறுத்திக்கொண்டேன்.

திருநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது மூன்றடித் தொட்டி, சுமார் 150 லிட்டர். ஒரு ஜோடி கோமாளி மீன், அப்புறம் மெத்தென்ற பவள வகையில் கொஞ்சம் ஸோவா, மஷ்ரூம், ஒரு ஸீனியா. (சித்திரை வெயிலில் சில்லர் ஓடாமல் தண்ணீர் 26 டிகிரியில் நிற்காது. கரண்ட் பில் வரும் நாளில் வீட்டுக்காரர் பேசுவதை இங்கே எழுத முடியாது.) ஸோவா ஒட்டிய கல்லோடு அழையாத விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த மீன் கடை ஒன்றில், புழு ஓடுகிறது என்றதுமே, என்ன புழு என்றுகூடக் கேட்காமல் நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொன்னார்கள். அதில் இருக்கும் ஃபென்பென்டசோல் புழுவைக் கொல்லும், உண்மைதான். பாசி மேயும் நத்தைகளையும் ஸீனியாவையும் சேர்த்தே கொண்டுபோகலாம். கல்லில் ஊறிய மருந்து சீக்கிரம் போகவும் போகாது. அதனால்தான் முதலில் லென்ஸ் என்கிறேன்.

முதலில் பார்த்தது, கண்ணாடியில் கடுகளவுக்கு ஒட்டியிருந்த வெள்ளைச் சுருள்கள். வெறும் கண்ணுக்குச் சுண்ணாம்புப் பொட்டு. லென்ஸில் பார்த்தால் சுருளின் வாயில் ஒரு குட்டிக் கிரீடம் விரிகிறது, கை நிழல் பட்டதும் உள்ளே போய்விடுகிறது. ஸ்பைரார்பிட் குழாய்ப்புழு, பரம சாது. தண்ணீரில் மிதப்பதை வடிகட்டித் தின்று பிழைக்கிறது.

அடுத்தது ராத்திரி ஆசாமி. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றி அடித்தால் இவை அவ்வளவாக மிரளுவதில்லை. பாறை இடுக்கிலிருந்து பாதி நீண்டு வந்த ஒன்றைப் பிளாஸ்டிக் சிரிஞ்சால் உறிஞ்சி, தொட்டித் தண்ணீரோடு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் விட்டேன். இளஞ்சிவப்பு உடல், வளையம் வளையமாகக் கண்டங்கள், ஒவ்வொரு கண்டத்திலும் இருபுறமும் கண்ணாடி நார் போல ஒரு கொத்து வெள்ளை முள். இதுதான் பிரிசில் புழு. வெறும் கையால் தொட்டால் முள் ஏறி எரியும். செலோ டேப்பை ஒட்டி உரித்தால் முள் வந்துவிடும். பார்க்கத்தான் பயங்கரம், தின்பது மிச்சத் தீனியும் செத்ததும்தான். பவளத்தைத் தின்கிறது என்று படத்தோடு மிரட்டுகிறார்களே, அந்தத் தாடிவைத்த நெருப்புப் புழு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல்பக்கத்து ஆள். நம் தொட்டிப் புழு கூட்டமாகப் பெருகினால் அதைத் திட்டாமல் தீனி போடும் கையைத் திட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கை என் மகனுடையது.

கிண்ணத்தில் விட்டதும் தலையைப் பார்க்க மறக்காதீர்கள். ஐந்து உணர்கொம்பு, வெளிச்சத்தில் நிறம் மாறி மினுங்கும் உடல், முள் குறைவு என்றால் அது யூனிஸ் வகை. அதிலும் சின்னச் சாதுக்கள் உண்டு. ஆனால் பாபிட் புழு என்கிற யூனிஸ் அஃப்ரோடிடாய்ஸ் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரை வளரும், மீனையே கவ்வி இழுக்கும். 2009-ல் இங்கிலாந்தின் நியூகுவே ஊரில் ப்ளூ ரீஃப் மீன் காட்சியகத்தில் பவளங்கள் அறுபட்டுக் கிடக்க, தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது நாலடி நீளப் புழு கிடைத்தது. அதனால் ஐந்து கொம்பு தெரிந்தால் நான் யோசிப்பதில்லை, அது திரும்பத் தொட்டிக்குப் போகாது.

தட்டைப்புழுவுக்கு வளையமும் கிடையாது, முள்ளும் கிடையாது. துருநிறம், வால்பக்கம் மடல் மடலாகப் பிரிந்திருக்கும். இதை மட்டும் அவசரப்பட்டுக் கொல்லக் கூடாது. மொத்தமாகச் செத்தால் உடலிலிருந்து வரும் விஷம் மீனைப் பாதிக்கும். முடிந்தவரை குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம் மருந்து, கூடவே விஷத்தை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் என்கிற கரி.

லென்ஸுக்குப் போட்ட காசு எனக்குத் திரும்பிவந்தது ஸோவா பக்கத்தில் முளைத்திருந்த கெட்டிக் குழாய்களைப் பார்த்தபோதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் இறகுப்புழு. தீனி போட்டுவிட்டு லென்ஸை வைத்தேன், இறகு விரியவில்லை. குழாய் வாயிலிருந்து பிசுபிசுத்த நூல் வலை கிளம்பி ஸோவா மேல் படிந்தது. வெர்மெட்டிட். அது புழுவே இல்லை, ஒரே இடத்தில் ஒட்டி வாழும் நத்தை. அந்த வலைதான் ஸோவாவைச் சுருங்க வைத்திருக்கிறது. குழாய் வாயில் ஒரு சொட்டு சூப்பர் குளூ ஜெல் வைத்து அடைத்தேன். ஸோவாவில் விஷம் உண்டு என்பதால் கையுறை இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

குறைகளும் உண்டு. உப்புத்தண்ணீர் பட்டு மடக்கு ஆணி சீக்கிரமே துருப்பிடித்தது. ஒவ்வொரு முறையும் ஆர்.ஓ. தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். பாறைக்கு நடுவில் இருப்பதை வெளியில் எடுக்காமல் பார்க்க முடியாது. தொட்டியின் நீல விளக்கில் எல்லாப் புழுவும் ஒரே நிறம், வெள்ளை விளக்குக்கு மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் வைக்கிற, உயிரிகள் ஒட்டிய கடல்கல்லான லைவ் ராக் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இராமேஸ்வரம் போகிற சொந்தக்காரர்களிடம் பவளக்கல் எடுத்துவரச் சொல்லாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்களும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் எல்.ஈ.டி. பொருத்தியதை விட்டுவிடுங்கள், அந்த வெளிச்சம் தொட்டிக் கண்ணாடியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். விளக்கில்லாத 180 ரூபாய் லென்ஸே போதும். டார்ச்சைத் தொட்டிக்கு மேலிருந்து யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள்.