கழுத்து நிற்காத செல்ஃபி ஸ்டிக்

செல்ஃபி ஸ்டிக் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எவ்வளவு நீளம் வரும் என்றுதான். விளம்பரத்திலும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 3 அடி, 5 அடி போய், இப்போது ஆள் உயரத்தைத் தாண்டுகிற கம்பெல்லாம் வந்துவிட்டது. சில வருஷமாக ஒன்றை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: பார்க்க வேண்டியது நீளத்தை இல்லை, கழுத்தை.

கழுத்து என்று நான் சொல்வது, கம்பு முடிந்து போனைப் பிடிக்கும் கிளிப் தொடங்குகிற இடத்தில் இருக்கும் மூட்டு. ஒரு சின்ன போல்ட், ஒரு நட், நடுவில் பிளாஸ்டிக் வாஷர். அவ்வளவுதான். மொத்த சாமானின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. செய்கிறவர்கள் காசு செலவழிக்க மனசில்லாமல் விட்டுவிடுகிற இடமும் அதுதான்.

என்னிடம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த வகை. அடியில் மூன்று காலாக விரியும், கைப்பிடியிலிருந்து ப்ளூடூத் ரிமோட்டைத் தனியாகக் கழற்றலாம், மடக்கினால் ஹேண்ட்பேக்கில் அடங்கிவிடும். வாங்கிய புதிதில் கழுத்து சொன்ன இடத்தில் நின்றது. ஒரு மழைக்காலம் தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது. கம்பை இழுத்து, போனை மாட்டி, பின்னால் மலை தெரிகிறதா, யார் தலையாவது மறைக்கிறதா என்று பார்த்து, எல்லாரும் சிரிக்கத் தயாராகும் நேரம் பார்த்து, மதிய வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளை மாதிரி போன் மெல்லத் தலையைத் தொங்கப் போடும். முதலில் மலை போகும், அப்புறம் நெற்றி போகும், கடைசியில் எல்லாருடைய செருப்பும்தான் படத்தில் மிஞ்சும். மறுபடி கம்பை மடக்கி, போனை நிமிர்த்தி, திருகை இறுக்கி, மறுபடி நீட்டி... அதற்குள் வெயிலில் நிற்கிறவர்களின் முகம் மாறிவிடும்.

நீளம் கூடினால் கழுத்துக்குச் சுமை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கழுத்துக்குச் சுமை, போனின் எடையும் அந்த எடை மூட்டிலிருந்து எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பதும்தான். நீளம் வேறு விதத்தில் கெடுக்கிறது. கைப்பிடியில் மணிக்கட்டு லேசாக அசைந்தால் 3 அடி தள்ளி முனையில் அது பெரிய குலுக்கலாகப் போய்ச் சேரும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கழுத்து ஒரு மயிரிழை இறங்கும். காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொள்கிறது. போனை கிளிப் பிடிப்பது நீளவாட்டுப் பக்கங்களில். பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் இருப்பது அதே பக்கங்களில். நட்டநடுவில் மாட்டினால்தான் எடை சமமாக நிற்கும். ஆனால் நடுவில் மாட்டினால் கிளிப்பின் பல் பட்டனை அமுக்கி ஸ்கிரீன் அணைந்துவிடும், இல்லையென்றால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால் கொஞ்சம் கீழே தள்ளி மாட்டுகிறோம். தள்ளி மாட்டியதும் மேல்பக்கம் கனத்து, கழுத்து இன்னும் சீக்கிரம் சாய்கிறது. பெரிய போன் ஒன்று கேஸோடு சேர்த்துக் கால் கிலோவைத் தொடும். இந்த எடையை வைத்து யாராவது ஒரு நாள் உட்கார்ந்து சோதித்துப் பார்த்திருந்தால் கிளிப்பில் பட்டன் படுகிற இடத்தில் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். விடவில்லை. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

போன வருஷம் பொறுக்க முடியாமல் எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டு போனேன். அவர் ஸ்பேனரை எடுக்கும் முன்பே கழுத்தை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "லூசாகுதுன்னு டைட் வச்சுக்கிட்டே வந்திருக்கீங்க. டைட் வைக்க வைக்க இந்த பிளாஸ்டிக்தாம்மா தேயும். கவ்விப் பிடிக்க ரப்பர் வேணும்" என்றார். பிரித்துக் காட்டினார். வாஷர் ஒரு பக்கம் தேய்ந்து மெல்லிசாகி, மினுமினுவென்று இருந்தது. பழைய ட்யூப்பிலிருந்து ஒரு ரூபாய் அளவுக்கு இரண்டு வட்டம் வெட்டினார், குத்தூசியால் நடுவில் ஓட்டை போட்டார், இரண்டு பக்கமும் ஒன்று வைத்து, பழைய நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே நைலான் வளையம் இருக்கிற லாக் நட்டைப் போட்டு முறுக்கினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. போனை மாட்டி, முழு நீளத்துக்கு இழுத்து, நானே குலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. ட்யூப் துண்டால் முடிகிற வேலையை ஏன் தொழிற்சாலையில் செய்து அனுப்பவில்லை என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பரும் நிரந்தரம் கிடையாது. கோடையில் காருக்குள் விட்டுப்போனால் இளகிவிடும், அப்புறம் மாற்ற வேண்டும். கம்பின் அடுக்குகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இழுத்த இடத்தில் இன்னமும் நிற்கின்றன. தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக் காற்றில் மணல் உள்ளே புகுந்து கரகரவென்றபோதுகூட, வீட்டில் காய்ந்த துணியால் ஒவ்வொரு அடுக்காகத் துடைத்ததும் சரியாகிவிட்டது. எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள். அடுக்குகள் நிற்பதே உரசலில்தான். எண்ணெய் போட்டால் வழுக்கி இறங்கும், மணலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நல்ல பக்கம். இந்தக் குச்சியை நான் இன்னும் தூக்கிப் போடாததற்குக் காரணம் அந்தச் சின்ன ரிமோட். காரணம் என்றால் ரிமோட்டைவிட, அது அம்மா கைக்குப் போனது.

அம்மா போட்டோவில் எப்போதும் ஒரே மாதிரிதான் நிற்பார். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, கல்யாண ஆல்பத்தில் இருந்த அதே முகம். வெளியூரில் யாரையாவது கூப்பிட்டு, "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா" என்று போனைக் கொடுத்தால் இன்னும் மோசம். அந்த ஆள் ஒன்று எடுத்ததுமே, "போதும் போதும், அவங்க கிளம்பணும்ல" என்று நகர்ந்துவிடுவார். படத்தைப் பார்த்தால் கோபுரம் பாதியில் வெட்டியிருக்கும், இல்லை எங்கள் கால் வெட்டியிருக்கும். எடுத்துக் கொடுத்தவரைக் குறை சொல்லவும் மனசு வராது.

ஒரு தடவை தரங்கம்பாடி போயிருந்தோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை பின்னால் தெரிகிற மாதிரி மணலில் மூன்று காலையும் விரித்து வைத்துவிட்டு, ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். முந்தானை மடிப்புக்குள் அதை மறைத்துப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஸ்கிரீனில் தன்னையே பார்த்தார். காதோரம் பறந்த முடியை ஒதுக்கினார். அப்பா சட்டைக் காலரைச் சரி செய்தார். "கொஞ்சம் இப்படி வாங்க" என்று அவரை இழுத்தார். ஒன்று அமுக்கினார், பார்த்தார், திருப்தியில்லை, மறுபடி அமுக்கினார். யாரும் காத்திருக்கவில்லை, யாருக்கும் நேரமாகவில்லை. அதில் ஒரு படத்தில் அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. அம்மா பட்டனைத் தேடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், அம்மாவும் சிரிக்கிறார். எங்கள் வீட்டு ஹாலில் இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அம்மா இப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும், ஆனால் எந்த போட்டோவிலும் அதுவரை வந்ததில்லை.

அந்நியர் கையில் கேமராவைக் கொடுக்கிற இந்தச் சங்கடத்தில்தான் இந்தக் குச்சியே பிறந்தது. ஜப்பானில் மினோல்ட்டா கம்பெனியில் வேலை பார்த்த ஹிரோஷி உயெடா, மனைவியோடு ஐரோப்பா போனபோது பாரிஸ் லூவர் மியூசியத்தில் ஒரு சிறுவனிடம் படம் எடுக்கச் சொல்லிக் கேமராவைக் கொடுத்தாராம். பையன் கேமராவோடு ஓடிவிட்டான். அதற்கப்புறம் அவர் யோசித்ததுதான் நீட்டுகிற கம்பு. 1983-ல் காப்புரிமைக்குப் போட்டார். அந்தச் சமயத்து மினோல்ட்டா டிஸ்க் கேமராவின் முன்பக்கத்தில், நம்மை நாமே பார்த்துக்கொள்ள ஒரு குட்டிக் குவிகண்ணாடிகூட வைத்தார்கள். விற்கவில்லை. 1995-ல் ஜப்பானின் உபயோகமில்லாத கண்டுபிடிப்புகளைத் தொகுத்து வந்த புத்தகத்தில் இது இடம்பிடித்தது. காப்புரிமை 2003-ல் காலாவதியாகிவிட்டது. 2014-ல் டைம் பத்திரிகை அந்த வருஷத்தின் சிறந்த 25 கண்டுபிடிப்புகளில் செல்ஃபி ஸ்டிக்கைச் சேர்த்தபோது உலகமே வாங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

"இப்போ போன்லயே 0.5 வைடு இருக்கே, குச்சி எதுக்கு" என்று கேட்கிறவர்களும் உண்டு. இடத்தை அகலமாகக் காட்டுகிற அந்த 0.5 லென்ஸில் ஓரத்தில் நிற்கிறவர் பக்கவாட்டில் இழுபட்டு, தோள் அகன்று தெரிவார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அந்த ஓரத்தில் நின்று மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கையை நீட்டி எடுத்தால் முகம் கெடும். 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கணக்கு வந்தது: 12 அங்குலத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு, 5 அடி தள்ளி எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறதாம். மூக்கு அதேதான், தூரம்தான் காரணம். கம்பை முழுசாக நீட்டினால் முகம் முகமாக வருவது இதனால்தான்.

ரிமோட்டில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. போன் அதை ஒரு கீபோர்டு என்றே நினைத்துக்கொள்கிறது. வால்யூம் பட்டனை அமுக்கியதாகச் செய்தி அனுப்பித்தான் அது படம் எடுக்கிறது. அதனால் சில போன்களில் ரிமோட் இணைப்பில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் டைப் செய்யப் போனால் ஸ்கிரீனில் எழுத்துப் பலகை வராது. ரிமோட்டை அணைத்தால் வந்துவிடும். ஹெட்போன் ஓட்டையில் ஒயர் சொருகுகிற பழைய வகையில் இந்த வம்பே இல்லை, பேட்டரியும் வேண்டாம். அந்த ஓட்டையே பல போன்களில் இப்போது இல்லை என்பதுதான் பிரச்சினை.

எங்கே நீட்டலாம், எங்கே கூடாது என்பதும் பழகப் பழகத் தெரிந்துவிடும். தொல்லியல் துறை பராமரிக்கிற இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும், ஆகவே அங்கே காலை விரிக்காதீர்கள். கோயிலுக்குள் செல்போனே கூடாதென்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது; கோபுரத்துக்கு வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே போகிற கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். தொட வேண்டியதே இல்லை, உலோகக் கம்பு கிட்டப் போனாலே மின்சாரம் பாயும். பிளாட்பாரத்தில், நடைமேம்பாலத்தில், எங்கேயும் தலைக்கு மேலே நீட்டாதீர்கள். ஊட்டி மலை ரயிலில் அந்த ஒயர் கிடையாது, ஆனால் வழியில் 16 சுரங்கங்கள் இருக்கின்றன; ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கம்புக்கும் கைக்கும் அந்தப் பாறைச் சுவர் வழி விடாது. பிள்ளைகள் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டு இருக்கையில் சாய்ந்து உட்காராதீர்கள். தயவுசெய்து.

இதையெல்லாம் இன்று எழுதக் காரணம், இதே மாடல் பாதி விலைக்கு இறங்கியிருக்கிறது, "அக்கா, ஆர்டர் போட்டுரட்டுமா?" என்று ஆபீஸ் தங்கச்சி ஒருத்தி கேட்டதுதான். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றி இவ்வளவு சொன்னவள் வாங்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாதி விலையில் வருவதும் அதே கழுத்துதான், அதே பிளாஸ்டிக் வாஷர்தான். நேற்றுகூட ஒரு வளைகாப்பில் எல்லாரும் வரிசையாக நின்ற பிறகு அது தலையைத் தொங்கப் போட்டது. இரண்டாவது ரப்பரும் போயிருக்கிறது.

வாங்கியே தீருவேன் என்றால் கடைக்கு நேரில் போ, உன் போனை கேஸோடு மாட்டு, பட்டனில் படாமல் கிளிப் உட்கார்கிறதா பார். முழு நீளத்துக்கு இழு, போனை முன்பக்கம் சாய்த்து வை, கைப்பிடியை நன்றாகக் குலுக்கு. கழுத்து ஒரு இழை இறங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடு. உலோகப் பல் வைத்த கழுத்தோடு கொஞ்சம் விலை கூடினதும் கிடைக்கிறது, அதைக் கேட்டுப் பார். கடைக்காரர் நீளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கடை வேண்டாம்.

அடுத்த மாசம் அம்மா அப்பாவோடு மறுபடி ராமேஸ்வரம் போகிறோம். புதுசு வாங்கவில்லை. நாளைக்கு சைக்கிள் கடைக்குப் போய் வேறு ட்யூப் வாஷர் போட்டுக்கொண்டு இதையேதான் எடுத்துப் போகிறேன்.