கால்கரியில் ஒன்பது குளிர்காலம்: என் காரின் கண்ணாடிகள் பட்ட பாடு

2019 பிப்ரவரி, கனடாவின் கால்கரி நகரம். காலை ஏழு மணி, வெளியே மைனஸ் 29. வண்டியைக் கிளப்பி, டிஃப்ராஸ்டரை முழுச் சூட்டுக்குத் திருகிவிட்டு, முன்கண்ணாடியில் உறைபனி இளகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி சொன்னாள்: "என்னங்க, இந்தக் கோடு நகருதுங்க."

முந்தைய நவம்பரில் டீர்ஃபுட் ட்ரெயில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி தெறித்த கல், வைப்பருக்குச் சற்று மேலே கடுகளவு புள்ளி போட்டிருந்தது. அதிலிருந்து மயிரிழை போலக் கிளம்பிய கீறல், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜாண் நீண்டது. சத்தமே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் மறு ஓரத்தைத் தொட்டிருந்தது.

2015 கடைசியில் வாங்கிய செடான் இது. என்ஜின் பெரிய தொல்லை எதுவும் கொடுக்கவில்லை. எனக்குச் செலவு வைத்ததில் பாதிக்கு மேல் கண்ணாடிகள்தான். இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் குளிர்கால டயரைப் பற்றி விசாரிக்கிற அளவுக்குக் கண்ணாடியைப் பற்றி விசாரிப்பதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

குளிர் தானாக வந்து கண்ணாடியை உடைப்பது அபூர்வம். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு. டிஃப்ராஸ்டர் சூட்டில் உள்தகடு விரியப் பார்க்கும். வெளித்தகடு உறைந்து இறுகிக் கிடக்கும். ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தால் அந்த இழுபறி முழுக்க அங்கேதான் போய்ச் சேரும். புள்ளிக்குள் ஈரம் இறங்கி உறைந்தால் இன்னும் மோசம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைப்பது இதே தப்பை ஒரே நொடியில் செய்வது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கால்கரியில் இது இரட்டிப்பாக நடக்கிறது. கடுங்குளிரில் உப்பு சரியாக வேலை செய்யாது, அதனால் சாலையில் மணலும் பொடிக்கல்லும் தூவுகிறார்கள். கல் தெறிப்பது அன்றாடம். அப்புறம் ராக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் என்கிற வெப்பக் காற்று. இரவு மைனஸ் 20, மறுநாள் மதியம் பிளஸ் 5 என்று நானே பார்த்திருக்கிறேன். இங்கிருந்து தெற்கே பின்ச்சர் க்ரீக்கில் 1962 ஜனவரியில் ஒரே மணி நேரத்தில் மைனஸ் 19இலிருந்து 22 டிகிரிக்கு ஏறியதாகப் பதிவு உண்டு. அந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் புள்ளியும் சேர்ந்துதான் தாங்க வேண்டும்.

2019க்கு அப்புறம் பழக்கத்தை மாற்றினேன். வண்டி கிளம்பியதும் சூட்டைக் குறைவாக வைத்து, பத்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். இரவில் கண்ணாடி மேல் ஒரு துணி உறை. காலையில் அதை உருவினால் சுரண்டும் வேலையே பாதி போய்விடும். சுரண்ட பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் மட்டும்தான். ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்த ஸ்ப்ரே மைனஸ் 20 வரை நன்றாக உதவியது. அதற்குக் கீழே நம்ப முடியவில்லை. வாஷர் திரவம் மைனஸ் 40க்கானதை அக்டோபரிலேயே மாற்றிவிட வேண்டும். வைப்பரைத் தூக்கி நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிட்டேன். சினூக் அடிக்கும்போது அந்தக் கை படீரென்று கண்ணாடியில் விழும்.

பக்கக் கண்ணாடியின் கதை வேறு. 2021 டிசம்பர் கடைசிக் குளிரில், காபி வாங்குவதற்காக ஜன்னல் பட்டனை அழுத்தினேன். கதவுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், கண்ணாடி அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கண்ணாடி ரப்பரோடு உறைந்து ஒட்டியிருக்க, மோட்டார் இழுத்த இழுப்பில் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் முறிந்திருந்தது. ஜன்னலில் குப்பைப் பையை ஒட்டிக்கொண்டு வீடு வந்தோம். இப்போது அக்டோபரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை ரப்பர் பள்ளத்தில் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கிறேன். பட்டனை அழுத்தும்போது கண்ணாடி கொஞ்சமாவது அசையவில்லை என்றால் உடனே விட்டுவிடுகிறேன். இந்த இரண்டும் சேர்ந்து இன்றுவரை காப்பாற்றியிருக்கின்றன.

இரண்டாவது முன்கண்ணாடி மாற்றியதில்தான் மனம் நொந்தது. மாற்றிய கடையில் ஒரு மணி நேரத்தில் எடுத்துப் போகலாம் என்றார்கள். ஒட்டும் பசை குளிரில் மெதுவாகத்தான் இறுகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் நெடுஞ்சாலையில் விசில் சத்தம். பனி உருகிய அன்று டாஷ்போர்டு ஓரத்தில் ஈரம். மறுபடி பிரித்து ஒட்ட வேண்டியதாயிற்று. நீங்கள் மாற்றினால் சூடான ஷெட்டுக்குள் செய்கிறார்களா, எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று கேட்டுவிட்டே சாவியைக் கொடுங்கள். முதல் நாள் கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் வண்டி என்றால் அதைத் திரும்பச் சீரமைக்கும் செலவும் சேரும்.

இத்தனையிலும் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது, புள்ளி விழுந்த அன்றே அதன் மேல் ஒட்டும் ஒரு துண்டு செலோ டேப். ஈரமும் அழுக்கும் உள்ளே போகாவிட்டால், ரிப்பேர் கடையில் புள்ளிக்குள் நிரப்பும் ரெசின் என்ற பசை நன்றாகப் பிடிக்கிறது. எனக்கு ஒரு புள்ளிக்கு 70 டாலர் ஆனது; கண்ணாடி மாற்றியபோது 450. புள்ளி ஓரத்துக்கு மிக அருகில் விழுந்தால் பல இடங்களில் ரிப்பேர் செய்ய மாட்டார்கள். எங்கள் முதல் கீறல் அந்த வகை.

2024 ஜனவரியில் கால்கரி மைனஸ் 35ஐத் தாண்டியது. மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தச் சொல்லி மாகாணம் முழுக்க எல்லோருடைய கைபேசியிலும் அவசரச் செய்தி வந்த வாரம் அது. தினமும் காலையில் டார்ச் அடித்து ரிப்பேர் செய்த இரண்டு புள்ளிகளையும் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. போன வாரம் மூன்றாவதாக ஒன்று விழுந்திருக்கிறது, மனைவி பக்கம், சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். வண்டியை ஓரம் கட்டியதும் டேப்பை அவளே ஒட்டினாள். சனிக்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.