"வானிலை உத்தரவாதம்" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்: தேம்ஸ் படகில் 1,240 பவுண்டு போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று நானே சொல்லிவிடுவேன். அவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான்.

1,240 பவுண்டு. தேம்ஸ் நதியில் ஒரு வார நேரோபோட் வாடகை. ஊர்க் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்.

நேரோபோட் தெரியாதவர்களுக்கு: ஏழடிக்கும் குறைவான அகலம், ஐம்பது அறுபது அடி நீளம், உள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை. பின்னால் நின்று டில்லரை, அதாவது படகைத் திருப்பும் கம்பை, பிடித்து நாமே ஓட்டிக்கொண்டு போகலாம், லைசென்ஸ் தேவையில்லை. வேகம், நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். லெச்லேடில் ஏறி, ஏறக்குறைய 30 மைல் தள்ளி இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு வரை மெதுவாகப் போய்த் திரும்புவதாகத் திட்டம். ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். முழங்கால் வலிக்காரர், நடக்காமலே நாட்டுப்புறத்தைப் பார்க்கட்டுமே என்றுதான் இந்த ஏற்பாடு.

பதிவு செய்தது, சொந்தப் படகு வைத்திருப்பவர்களிடமிருந்து வாடகைக்குப் பிடித்துத் தரும் ஒரு இணையதளத்தில். பெயரை இப்போது சொல்ல மாட்டேன், வழக்குப் போடப் போகிறேன். முகப்பிலேயே பெரிய எழுத்தில் "வானிலை உத்தரவாதம்: ஆறு பெருகிப் படகு ஓட்ட முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்ப" என்று இருந்தது. அதையும் நம்பாமல் போன் போட்டுக் கேட்டேன். "சிவப்புப் பலகை வந்துவிட்டால் ஒரு மெசேஜ் அனுப்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் அந்தப் பெண். எவ்வளவு இனிமையான குரல்! வங்கிப் பரிமாற்றத்தில் கட்டினால் 5% தள்ளுபடி என்றார்கள். அப்படியே கட்டினோம். தள்ளுபடி போகத்தான் இந்த 1,240.

பலகை விஷயத்தைச் சொல்ல வேண்டும். தேம்ஸில் லண்டன் பக்கத்து டெடிங்டனுக்கு மேலே உள்ள பகுதியை என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நீரோட்டம் கூடினால் லாக்குகளில் (படகை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) மஞ்சள் பலகை வைப்பார்கள். அதில் "கூடுகிறது", "குறைகிறது" என்று இரண்டு வகை. கூடும் மஞ்சள் என்றால் இன்ஜின் படகுகள் பத்திரமான இடம் பார்த்துக் கட்டிவிட வேண்டும். சிவப்பு என்றால் எந்தப் படகும் போகாமல் இருப்பது நல்லது என்று அர்த்தம். நேரோபோட்டுக்கு பிரேக் கிடையாது. ஓட்டத்தோடு போகும்போது தண்ணீரைவிட வேகமாகப் போனால்தான் டில்லர் பேச்சைக் கேட்கும், பக்கத்தில் தடுப்பணை இழுக்கும். இன்னொன்று, நம் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை வைத்து ஆற்றை எடை போட முடியாது. காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளில் நேற்றும் முந்தாநாளும் பெய்த மழை இன்றைக்குத்தான் இறங்கி வரும்.

நாங்கள் போன அன்று காலையில் ஆலங்கட்டி மழை, அரை மணியில் பளீர் வெயில். லெச்லேடில் உள்ள செயின்ட் ஜான்ஸ் லாக்கில் மஞ்சள் பலகை, கூடும் வகை. படகுக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். அத்தையின் பையைத் தானே தூக்கிக்கொண்டார், கைபிடித்து ஏற்றினார், பிஸ்கட் டப்பா ஒன்று கொடுத்தார். லாக் கரையில் மண்வெட்டியோடு சாய்ந்திருக்கும் தாடிக்காரக் கிழவர் சிலையைக் காட்டி, "இது எந்தச் சாமி?" என்று அத்தை கேட்டதை நான் மொழிபெயர்த்ததும், "இவர்தான் தேம்ஸ் அப்பா, கும்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார். இப்படிப்பட்ட மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? மஞ்சள் பலகையைப் பற்றிக் கேட்டதற்கு, "இரண்டு லாக் இறங்கி கெல்ம்ஸ்காட் பக்கம் கட்டிவிடுங்கள், நாளைக்கு வடிந்துவிடும்" என்றார். அப்புறம் என் போனைக் காட்டி, "அந்தப் பச்சைப் பட்டனை அழுத்துங்கள், சாவி கொடுத்ததற்கு அடையாளம், அவ்வளவுதான்" என்றார். அழுத்தினேன்.

அந்தப் பட்டனில்தான் 1,240 பவுண்டும் போனது.

பஸ்காட் லாக்கைத் தாண்டி கெல்ம்ஸ்காட்டில் கட்டினோம். மறுநாள் சிவப்பு. சூடு தண்ணீர் பாய்லர் பற்றவில்லை, கட்டிலுக்கு மேல் ஜன்னல் ஒழுகியது, கழிப்பறைத் தொட்டி நாங்கள் ஏறும்போதே பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. இதெல்லாம் சில்லறை. கெல்ம்ஸ்காட்டில் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் வாழ்ந்த வீடு இருக்கிறது, அன்று திறக்கிற நாள் இல்லை. வெயில் வரும், துணியைக் கூரையில் காயப்போடுவோம், அடுத்த நிமிடம் மழை. அத்தை அலுத்துப்போய், "ஏம்மா, கரையில கட்டிப்போட்டு உக்காரவா இவ்வளவு காசு?" என்றார்.

மெசேஜ் அனுப்பினேன். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு ஒருவர், "நீங்கள் பச்சைப் பட்டனை அழுத்தி செக்-இன் செய்துவிட்டதால் பயணம் தொடங்கிவிட்டது, உத்தரவாதம் தொடங்காத பயணங்களுக்கு மட்டும்" என்றார். முகப்பில் அந்த வரி எங்கே? விதிமுறைகளுக்குள் எங்கோ ஒரு மூலையில். போனில் சொன்னார்களே என்றால், "அந்த உரையாடல் எங்களிடம் பதிவாகவில்லை." இன்னொருவர் வந்து, "சிவப்புப் பலகை என்பது ஆலோசனைதான், தடை இல்லை. போகாமல் இருந்தது உங்கள் விருப்பம்" என்றார். படகுக்காரரோ அதே மாலை எழுதியிருக்கிறார்: "சிவப்பில் நகர்த்தக் கூடாது, நகர்த்தினால் இன்சூரன்ஸ் செல்லாது, சேதம் உங்கள் பொறுப்பு." நகர்ந்தால் அவர் விட மாட்டார், நகராவிட்டால் இவர்கள் தர மாட்டார்கள். இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பதில்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." கூடவே அடுத்த பயணத்துக்கு 50 பவுண்டு வவுச்சர்!

போன் போட்டால் படகுக்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள். அவர், பணம் தளத்திடம்தான் இருக்கிறது என்கிறார். கடைசியில் அத்தையை டாக்ஸியில் லெச்லேடுக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். நான் எழுதிய விமர்சனத்தையும் நீக்கிவிட்டார்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை உள்ள பொருளுக்கும் சேவைக்கும் 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்தையும் பிடிக்க வழி இருக்கிறது. நடுவில் தளம் இருந்தால் அதிலும் தகராறு வரலாம், ஆனால் வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்தப் பிரிவே கிடையாது. சிவப்புப் பலகை வந்தால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். படகுக்கு வாடகைக்கு விடும் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளம்பும் முன் என்விரான்மென்ட் ஏஜென்சியின் தேம்ஸ் பக்கத்தில் பலகை நிலவரத்தைப் பாருங்கள், மஞ்சள் "கூடுகிறது" என்றால் எந்தப் பட்டனையும் தொடாதீர்கள்.

10,000 பவுண்டு வரையான வழக்கை ஸ்மால் கிளெய்ம்ஸில், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்ற முறையில், போடலாம், போடப் போகிறேன். இன்று காலை பார்த்தேன், அதே படகு வரும் சனிக்கிழமைக்குக் காலி என்று காட்டுகிறது, வாடகையையும் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வாரத்துக்கு லெச்லேடில் படகு பிடிக்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்புகிறேன்.